ஏழாவது கேள்வி

வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், காபி வேண்டாம் என்று சொல்லாதே என்பதுதான். ஏற்கெனவே ஆறு கோப்பை குடித்து வயிறு உப்பியிருந்தாலும் சரி, நெஞ்சு எரிந்தாலும் சரி, குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தால் போதும்.

என் பெயர் ராய்லி. வயது அறுபத்திரண்டு. பின்லாந்தின் இந்தக் கிழக்கு மூலையில், வயதானவர்களோ உடம்பு முடியாதவர்களோ வீட்டுக்கு உதவி ஆள் வேண்டும் என்று விண்ணப்பித்தால், அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் போய் ஒன்றரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு வருவார். அவர் எழுதுவதை வைத்துத்தான் ஆள் வருவதும் வராததும். அந்த மதிப்பீட்டாளர்களுக்குப் பத்தொன்பது வருடமாகப் பயிற்சி கொடுப்பவள் நான்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் உங்களால் முடிகிறதா என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. "சமாளிச்சுக்கிறேன்" என்பார்கள். இடுப்பு ஒடிந்து மாட்டுக் கொட்டகையில் ஒரு பகல் முழுக்கக் கிடந்த கிழவர், தூக்க வந்த ஆம்புலன்ஸ்காரர்களிடமும் அதையேதான் சொன்னார். முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட ஏரியில் விழுவது மேல் என்று வளர்ந்த ஜனங்கள். நேராகப் பதில் சொல்வதே எங்களுக்கு ஏதோ மரியாதைக் குறைவு. அதனால்தான் கேட்காதே, பார் என்றேன். காபி போட வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு காரியங்களை வரிசை தப்பாமல் செய்தாக வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டும், வடிதாள் வைக்க வேண்டும், தூளை அளக்க வேண்டும், சுவிட்சைப் போட வேண்டும், கோப்பை, பால், சர்க்கரை என்று எடுத்து வைக்க வேண்டும். நினைவு தப்பியவர்கள் நடுவில் எங்கேயாவது மாட்டிக்கொள்வார்கள். தினமும் ஏரியைச் சுற்றிப் பனிச்சறுக்கு போகிறேன் என்று பீற்றிக்கொண்ட ஒருவர், தண்ணீரே ஊற்றாமல் எந்திரத்தைப் போட்டுவிட்டு அதன் முன்னால் பத்து நிமிடம் நின்றுகொண்டிருந்தார். மறுவாரமே அவர் வீட்டுக்கு ஆள் போயிற்று.

வகுப்பில் இதைச் சொல்லும்போது எல்லோரும் குனிந்து குறிப்பெடுப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் அலுவலகத்தில் மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்தியபோது என் காபியையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். ஏழாவது கேள்வி. யாரும் எடுத்துச் சொல்லாமல் தானே காபி தயாரித்துப் பரிமாறினாரா? ஆம் என்று போட்டால் அன்றாட வேலைகளுக்கு உதவி தேவையில்லை என்று ஆகிவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொண்டு போனேன். கேக் வேறு!

என் கணவர் அர்வோவுக்கு எழுபத்தாறு வயது. முப்பத்து நான்கு வருடம் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் பணியாளராக இருந்தார். மணி அடிப்பது, பனி தள்ளுவது, மெழுகுவர்த்தி மாற்றுவது, கல்லறைக் குழி வெட்டுவது எல்லாம் அவர்தான். அடக்கம் முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் மண்டபத்தில் காபி கொடுப்பதும் அவர்தான். இருநூறு பேர் வந்தாலும் கடைசிக் கோப்பை சூடாக இருக்கும். "அர்வோ காபி உண்டுன்னா தைரியமா சாகலாம்" என்று ஊரில் கேலி செய்வார்கள்.

நான்கு வருடமாக அவருக்கு மறதி நோய். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற மறதி இல்லை. மார்ச் மாதம் வீட்டுச் செருப்போடு ஏரிப் பனிக்கட்டி மேல் ஒரு கிலோமீட்டர் நடந்து போய், மீன் பிடிக்க உட்கார்ந்திருந்த ஒருவரிடம், குழி இங்கேதானே வெட்டச் சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப் போனார். சவுனா என்ற நீராவிக் குளியலறையின் அடுப்பை மூட்டிவிட்டு அதன் மேல் என் குளிர்க்கோட்டைக் காயப் போட்டார். சாப்பாட்டை எதிரே வைத்தால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடச் சொல்ல வேண்டும், கரண்டியைக் கையில் கொடுக்க வேண்டும், விழுங்கச் சொல்ல வேண்டும்.

நான் காலை ஏழரைக்குக் கிளம்பி மாலை ஐந்துக்கு வருகிறவள். பக்கத்து வீட்டு ஹில்க்கா பகலில் இரண்டு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் அவளுக்கே மூட்டு அறுவை நடந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இருந்த விடுமுறையை எல்லாம் எடுத்துத் தீர்த்தேன். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. பகலில் வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். அல்லது வாரத்தில் மூன்று நாளாவது முதியோர் பகல் இல்லத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அக்டோபரில் விண்ணப்பித்தேன். மருத்துவர் சான்றிதழையும் இணைத்தேன். ஆனால் நோயின் பெயருக்கு உதவி கிடையாது, எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குத்தான் உதவி. அதுவும் என் பாடம்தான்.

வேறு ஊர்க் கிளையிலிருந்து மில்யாவை அனுப்பினார்கள். முப்பத்தாறு வயது, முன்பு பல் மருத்துவரிடம் வேலை செய்தவள். போன வசந்தத்தில் என்னிடம் படித்தாள். அந்தக் குழுவில் அவள்தான் முதல். அவள் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. நல்ல கண் உள்ள பெண், தப்ப விடமாட்டாள் என்று நினைத்தேன்.

மதிப்பீட்டாளர் வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கித் துடைத்து, கிழவருக்குப் புதுச் சட்டை மாட்டி உட்காரவைக்கிற குடும்பங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்கிறவர்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்யவில்லை. பாத்திரத்தைக் கழுவாமல் விட்டேன். அர்வோவுக்கு நான்கு நாளாக முகம் மழிக்கவில்லை. காலையில் "பதினோரு மணிக்கு ஒரு பொண்ணு வருவா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசல் பனியைத் தள்ளப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். மழுமழுவென்று முகம். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, முடிச்சு கோணாமல். ஒரு வருடமாகப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத மனிதர்.

"எத்தனை மணிக்கு வராங்கன்னு சொன்ன?" என்றார்.

கோட்டைக் கழற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினாள் மில்யா.

அர்வோ நிதானமாகப் போய் அவள் கோட்டை வாங்கி மாட்டினார். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்க துக்கத்துல நானும் பங்கு எடுத்துக்கறேன்" என்றார்.

மில்யா மெல்ல, "எப்படித் தெரிஞ்சுது? அப்பா ஆகஸ்ட்ல போனார்" என்றாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் யாரைப் பிடித்துத் துக்கம் விசாரித்தாலும் ஒரு சாவு இருக்கத்தான் செய்யும். தன் துக்கத்தை அறிந்து அவர் கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவரோ அவளை, அடக்கத்துக்குக் காபி ஏற்பாடு செய்ய வந்த வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"மில்யா, அவர் உன்னை..." என்று ஆரம்பித்தேன்.

"ராய்லி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அந்த ரூம்ல கொஞ்சம் இருக்கணுமே" என்றாள். முகம் சிவந்துபோய், வாத்தியாரையே வெளியே அனுப்புகிற கூச்சத்தோடு சொன்னாள்.

சரியாகத்தான் சொன்னாள். வீட்டு ஆட்களைக் கண் எதிரே வைத்துக்கொள்ளாதே, ஒரு சின்னக் கண்ஜாடை போதும், எல்லாம் கெட்டது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். படுக்கையறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்தது.

"காபி குடிக்கிறீங்கதானே?"

"குடிக்கிறேன். சந்தோஷமா."

"எத்தனை பேர் வருவீங்க?"

"நான் ஒருத்திதான்."

"ஒருத்தர்னாலும் நல்லாப் போடணும்" என்றார் அர்வோ.

குழாய் திறக்கும் சத்தம், அடைக்கும் சத்தம். தூள் டப்பா மூடி. கரண்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அதோடு அரைக் கரண்டி. சுவிட்ச். அவர் கோப்பைகளைத் தட்டோடு எடுத்து வைப்பதும், பிடியெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி திருப்புவதும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. பனி தள்ளப் போவதற்கு முன் நான் காலைச் சாப்பாட்டை எதிரே வைத்தபோது ரொட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர் அவர். இப்போது ஏலக்காய் பன்னைச் சம துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குத் தலை தேவையே இல்லை. முப்பத்து நான்கு வருடம், வாரத்துக்கு இரண்டு சாவு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி, தவறட்டும், ஏதாவது ஒன்று தவறட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு மனைவி வேண்டிக்கொள்கிற காரியமா அது.

"இன்னைக்கு என்ன தேதி, சொல்ல முடியுமா?" என்று மில்யா கேட்டாள்.

"தேதி பாக்கறது பாதிரியார் வேலை. நான் கரண்டி எண்ணுறவன்."

மில்யா சிரித்தாள். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். இதில் எது நக்கல், எது நோய் என்று யார் கண்டார்கள்?

"வீட்டு வேலையெல்லாம் எப்படி அர்வோ, முடியுதா?"

"சமாளிச்சுக்கிறேன்" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து மில்யா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏரி, செருப்பு, சவுனா அடுப்பு, கரண்டி, சட்டைப்பை ரொட்டி. உன்னைச் சாவு வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னேன். அவள் ஒன்று விடாமல் எழுதினாள். எழுதின இடத்தைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், குடும்பத்தார் கருத்து என்ற கட்டத்தில்.

"அதுக்கு என்ன மதிப்புன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"ராய்லி, நீங்கதானே சொல்லுவீங்க. களைச்சுப்போனவங்க பொய் சொல்ல மாட்டாங்க, ஆனா மோசமான நாளை மட்டும்தான் சொல்லுவாங்கன்னு."

"சொன்னேன்."

"நான் கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும்." என் தோளை மெல்லத் தொட்டாள். "நீங்க ரொம்பக் களைச்சிருக்கீங்க."

அவளை அறையலாம் போல இருந்தது. அறைந்திருந்தால் அதையும் எழுதியிருப்பாள். நான் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

அவள் கார் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அர்வோ சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கால்சட்டை சிறுநீரில் நனைந்து காலுறைக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் இருந்த பால் ஜாடியை என்ன செய்வது என்று தெரியவில்லை அவருக்கு. என்னைப் பார்த்து, "நீங்களும் அந்தக் குடும்பமா?" என்று கேட்டார். நான் மில்யாவைப் போனில் கூப்பிட்டு, திரும்பி வா, இப்போது வந்து பார் என்றேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்றாள். இன்னொரு தடவை போய்ப் பார்ப்பதற்கு விதி இல்லை. குடும்பத்தார் நெருக்கினால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காக அந்த விதியை எடுத்ததும் நானேதான்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வந்தவரை நன்கு உபசரிக்கிறார், பிறர் மனநிலையைக் கூர்மையாக உணர்கிறார், நகைச்சுவை உணர்வு உள்ளது, அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்கிறார், உதவி தேவையில்லை. மனைவிக்கு மட்டும், களைத்துப்போன குடும்பத்தார் கூடிப் பேசும் குழுவில் சேரும்படி ஆலோசனை. மாதம் ஒரு முறை, காபி உண்டு. வேலையை விட்டுவிட்டு நானே பார்த்துக்கொண்டால் அதற்கென்று ஒரு படி தருவார்கள். அதைத் தீர்மானிப்பதும் அதே படிவம்தான்.

எஸ்கோவிடம் போனேன். எங்கள் பிரிவுத் தலைவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை.

"ஏழாவது கேள்வி தப்பு எஸ்கோ. வாழ்நாள் பூரா செஞ்ச வேலைய கை தானா செய்யும். அதப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. அத எடுத்துடணும்."

எஸ்கோ கடிதத்தைப் படித்தார்.

"பத்தொன்பது வருஷமா நீங்க சொல்லிக்குடுத்தப்ப சரியா இருந்துச்சு. உங்க வீட்டுக்கு வந்ததும் தப்பாயிடுச்சா?"

எஸ்கோ கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"நான் கேலியா சொல்லல. மேல இருக்கறவங்க இதைத்தான் கேப்பாங்க. அப்படியே தப்புன்னு வெச்சுக்குங்க, இந்தக் கேள்விய வெச்சு உதவி வேணாம்னு நாம தள்ளினவங்கள என்ன பண்றது? எத்தனை பேர்னு தெரியுமா?"

"எத்தனை பேர்?"

"எண்ணிப் பாக்கச் சொல்லாதீங்க, ராய்லி. அடுத்த வருஷம் படிவத்தத் திருத்தறப்ப எழுதிக் குடுங்க."

காரில் வந்து உட்கார்ந்ததும் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். லைனா என்ற கிழவி. பள்ளிக்கூடச் சமையலறையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு பயிற்சிக் குழுவைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு நானே போயிருந்தேன். எங்கள் ஐந்து பேருக்கும் சிரித்த முகமாகக் காபி கொடுத்தாள், உதவி தேவையில்லை என்று எழுதினோம். அவள் மகள் முற்றத்தில் என் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி எல்லாம் அம்மா என்ன பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாது என்று கத்தினாள். களைத்துப்போன குடும்பத்தார் எப்படி இருப்பார்கள் என்பதற்கு அந்த மகளைத்தான் அன்றிலிருந்து வகுப்பில் உதாரணம் சொல்கிறேன். கையைக்கூட அவளைப் போலவே ஆட்டிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த மகளின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா அடுத்த குளிர்காலத்துலயே போயிட்டாங்க. குப்பைத் தொட்டி பக்கத்துல கிடந்தாங்க. நான் வேலைக்குப் போயிருந்தேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். கேட்கவும் கேட்டேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். ஏழு மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை புதுப் பயிற்சிக் குழு தொடங்குகிறது. பதினான்கு பேர். அதற்கு முந்தின வாரம் அர்வோ மறுபடி வெளியே போய்விட்டார். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி குளிர். தபால்காரர் பார்த்துக் கூட்டிவந்தார். வலது காதின் நுனி குளிரில் உறைந்து வெள்ளையாகிப் போயிருந்தது. என்னிடம் ஒரு நாள் விடுமுறைகூட மிச்சமில்லை. எஸ்கோ சம்பளமில்லாமல் ஒரு வாரம் கொடுத்தார், அதுவும் தீர்ந்தது. தம்பியைக் கேட்டேன், தேவாலயத்தில் கேட்டேன், களைத்துப்போன குடும்பத்தார் குழுவில் கேட்டேன். குழுவில் எல்லோரும் என்னைப் போலத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை கடைக்குப் போய் ஒரு கனத்த தாழ்ப்பாள் வாங்கினேன். கதவின் வெளிப்பக்கம் வைத்துத் திருகப் பார்த்தேன். மரம் உறைந்துபோய்க் கிடந்தது, எனக்குக் கை வழுக்கியது. அர்வோ வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குடுங்க, நான் பண்றேன்" என்றார்.

திருப்புளியைக் கொடுத்தேன். முதலில் ஆணியால் துளை போட்டார். திருகாணியைச் சோப்பில் தேய்த்துக்கொண்டார். ஆறு திருகாணியும் நேராக இறங்கின. தாழ்ப்பாளை இரண்டு தடவை தள்ளி இழுத்துப் பார்த்தார்.

"நல்ல கெட்டியா இருக்கு. எதை அடைக்கப் போறீங்க, நாயா?"

"குளிர் உள்ள வராம இருக்கத்தான்" என்றேன்.

வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உள்ள வீட்டைக் கண்டால், உள்ளே போகாதே, முற்றத்திலிருந்தே போன் பண்ணு, உள்ளே ஒரு மனிதரை அடைத்து வைப்பது குற்றம். திங்கட்கிழமை காலை வகுப்பில் நான் சொல்ல வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. தாளில் அச்சாகி, பதினான்கு பிரதிகள் என் பையில் இருந்தன.

ஏழரைக்கு அடுப்பு மின்சாரத்தை அணைத்தேன். ரொட்டியையும் தண்ணீரையும் மேசைமேல் வைத்தேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாளைத் தள்ளினேன். படி இறங்குவதற்குள் உள்ளே அவர் எழுந்து கதவருகே வந்துவிட்டார். கைப்பிடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு அந்தத் தேவாலய மண்டபக் குரலில், மெதுவாகச் சொன்னார்.

"வெளிய யாரோ நிக்கறீங்க போல. கதவு உறைஞ்சு போச்சு. பதற்றப்படாதீங்க, குளிர்ல நிக்க விட மாட்டேன், இதோ திறந்துடறேன்."

கைப்பிடியை மறுபடி அழுத்த ஆரம்பித்தார். நான் காரைக் கிளப்பினேன்.